அக்கா படையலுக்குப் பீர் போட்ட மாம்பழ ஐஸ்

எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் படைப்போம். இதில் கூச்சநாச்சமெல்லாம் கிடையாது. அப்பாவின் தெவசத்துக்குத் தலைவாழை இலையில் சோறும் குடல் குழம்பும் வைத்து, பக்கத்தில் ஒரு குவாட்டர் பிராந்தியும் பில்டர் இல்லாத சிகரெட் ஒரு பாக்கெட்டும் வைப்பது வழக்கம். மூடியைத் திருகி டம்ளரில் ஊற்றுவது சித்தப்பாவின் வேலை. ஊற்றிவிட்டுச் சொம்பைச் சாய்த்துத் தண்ணீரை மெல்ல விடுவார். "அண்ணனுக்குத் தண்ணி கம்மியா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். செத்தவருக்குக்கூடக் கலவை தப்பிவிடக் கூடாது என்று அத்தனை கவனம். கும்பிட்டு முடிந்ததும் அந்த டம்ளர் ஆண்களோடு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது எல்லாருக்கும் அப்பாவின் நினைவு கொஞ்சம் கூடியிருக்கும்.

போன ஆனியில் அக்கா இறந்துபோனாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் சொந்த ஊரான எழுமலையிலேயே அத்தை மகனைக் கட்டிக்கொண்டு, அவருக்கும் மகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் ஆக்கிப்போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்வந்தவள். ஒருநாள் காலையில் தலை வலிக்கிறது என்று பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்பது.

இந்த ஆனியில் தலைத் தெவசம். பத்து நாளைக்கு முன்னால் எழுமலையில் அம்மா வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார் சித்தப்பா.

"அவளுக்கு என்னென்ன பிடிக்கும்னு சொல்லு மாப்ள, எழுதிக்குவோம்" என்று அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"அவளுக்கென்ன, எதப் போட்டாலும் சாப்பிடுவா" என்றார் மச்சான்.

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவர் சொன்ன பதில் அது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவர் கெட்டவர் இல்லை. அடித்தது இல்லை, குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டது இல்லை. ஆனால் அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பக்கத்திலிருந்து அம்மா, "கேசரி வைங்கப்பா, விரும்பிச் சாப்பிடுவா" என்றாள். அடுத்து முறுக்கு, வெள்ளைப் பணியாரம், பாயசம் என்று பட்டியல் போனது.

கேசரி பிடித்தது அக்கா மகளுக்கு. மகளுக்குப் பிடிக்கும் என்று அக்கா கிண்டுவாள், மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று வழித்துத் தின்பாள். அவளுக்கு இனிப்பே அவ்வளவாக ஆகாது. பாகற்காயைப் பச்சையாகக் கடிக்கிற ஆள். இதையெல்லாம் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களில் தலைத் தெவசத்துக்கு என்ன வைக்கிறோமோ அதுதான் காலத்துக்கும் நிற்கும். அடுத்த வருடம் யாரும் யோசிக்கப் போவதில்லை, போன தடவை என்ன வைத்தோம் என்று மட்டும் கேட்பார்கள். நாற்பது வருடம் கழித்தும் என் அக்கா கேசரி பிடித்த பெண்ணாக, எதைப் போட்டாலும் தின்கிற பெண்ணாகச் சுவரில் தொங்குவாள். அதை என்னால் விட முடியாது.

"அவளுக்குப் பிடிச்சத நான் கொண்டு வாரேன்" என்றேன்.

"என்னத்த?" என்றார் சித்தப்பா.

"கொண்டு வாரேன் சித்தப்பா" என்று போனை வைத்துவிட்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, மதுரையில் காளவாசலுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று படுத்திவிட்டது. மதுரைக்கு வந்து, என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் பிடுங்கிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துக் காட்ட வந்தபோது, ஈறு ஆறும்வரை குளிர்ச்சியாக ஏதாவது சாப்பிடுங்கள், ஐஸ்கூடச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். பீரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் பிரிட்ஜ் கதவில் இரண்டு மாதமாக ஒரு பீர் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. புதுச்சேரிக்குச் சுற்றுலா போய்வந்த அலுவலகத் தோழி எங்கள் எல்லாருக்கும் விளையாட்டாக ஆளுக்கொன்று கொடுத்தது. மற்றவர்கள் பாட்டிலை அவரவர் புருஷன்கள் எடுத்துக்கொண்டார்கள். என்னுடையதை எடுக்க ஆள் இல்லை. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு மேசையில் கிடந்த செந்தூர மாம்பழங்களைப் பார்த்தாள். போனில் தேடினோம். பழத்தையும் பீரையும் சேர்த்து உறைய வைக்கலாம் என்று யாரோ ஒரு பெண் செய்துகாட்டினாள்.

முதல் தடவை ஆசையில் பாட்டில் முழுவதையும் ஊற்றிவிட்டோம். அது உறையவே இல்லை. சாயங்காலம் வரை பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தோம், கூழ் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சாராயச் சத்து கூடினால் உறையாது என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா எட்டாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் கணக்குப் போட்டாள். மூன்று பங்கு பழக்கூழுக்கு ஒரு பங்கு பீர், அரைப் பங்கு சீனிப் பாகு. சீனி இன்னும் கூடினாலும் உறையாது, குறைந்தால் பாறையாகிவிடும். மறு மாதம் அந்தக் கணக்குப்படி செய்தபோது சரியாக வந்தது.

அவள் வைத்த முறை இதுதான். பீரை அகலமான சட்டியில் ஊற்றிக் கரண்டியால் கலக்கி நுரையை அடக்கிவிட வேண்டும். மாம்பழத்தை நாரில்லாமல் மசித்து, ஆறிய பாகையும் ஒரு எலுமிச்சம்பழச் சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, கடைசியில் பீரை விட வேண்டும். எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி உறையவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால் சுரண்டிக் கிளறிவிட வேண்டும். நாலைந்து சுரண்டலில் பூப்பூவாய் எழும்பி நிற்கும். முதலில் மாம்பழம் தெரியும், விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புக்காகத்தான் அக்கா அதைச் செய்தாள்.

ஒருபோதும் டம்ளரில் ஊற்றமாட்டாள். "டம்ளர்ல ஊத்திக் குடிச்சா குடிகாரிடி. கரண்டியில எடுத்துச் சாப்பிட்டா அது ஐஸ்" என்பாள். கணக்கு டீச்சர் இப்படியும் ஒரு சமன்பாடு வைத்திருந்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிடுவாள், அதற்கு மேல் கேட்டதில்லை. போதையெல்லாம் ஒன்றும் கிடையாது. காலை நீட்டிப் போட்டு, யாருக்கும் ஆக்கிப்போட வேண்டாத ஒரு மத்தியானத்தில், ஹெட்மாஸ்டர் நடக்கிற மாதிரி நடந்துகாட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். நாலு மணிக்கு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விடுவாள். வீட்டில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, ஆறு வருடம்.

தெவசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் செய்யலாம் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. ஐந்து மணிக்கு மேல் ஆரம்பித்தால், சூடேறிய பிரிட்ஜ் குளிர்ந்து, ராத்திரி முழுக்கச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். சரிதான் போ என்று இருந்தது. விட்டுவிடவா என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. பிரிட்ஜ் வருவதற்கு முன்னால் ஐஸ் செய்யவில்லையா உலகம்? மீன் கடைக்குப் போய் ஐஸ்கட்டி கேட்டேன். மீன் விற்கிற அண்ணன், "என்ன மீனுக்கா?" என்று கேட்டார். "மாம்பழத்துக்குண்ணே" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டதற்கு மேலாகவே உடைத்துச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். கல்லுப்பு இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

மிச்சம் பீர்தான். எப்போதும் எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணன் வாங்கிவந்து, செய்தித்தாளில் சுற்றி, மருந்து பாட்டிலைக் கொடுப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நீட்டுவார். அன்றைக்கும் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவின் படையலுக்கு வாங்குகிற பாட்டிலைச் சித்தப்பா தாளில் சுற்றியா கொண்டுவருகிறார்? சட்டைப் பையில் தலை தெரியச் செருகிக்கொண்டு கடைவீதி வழியாகத்தானே நடந்து வருகிறார்? என் அக்காவின் படையலுக்கு மட்டும் ஏன் ஒளித்து வாங்க வேண்டும்? மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கிற நேரத்துக்கு நானே போய் நின்றேன். அலுவலகத்துக்குக் கட்டுகிற காட்டன் சேலைதான், தோளில் அலுவலகப் பை.

வரிசையில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மரியாதையாக, "அக்கா, யாரையும் தேடி வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பீர் வாங்க வந்தேன்."

"அக்காவ முன்னால விடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோயிலில்கூட எனக்கு இப்படி வழி கிடைத்தது இல்லை. வேண்டாம், வரிசையிலேயே வருகிறேன் என்று நின்றேன். உள்ளே இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "யாருக்கு?" என்றார். மற்ற யாரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"எங்க அக்காவுக்கு."

"கூலிங்கா, சாதாவா?"

"சாதா போதும். நான் கூலாக்கிக்கிறேன்."

பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வீடு வரை நடந்தேன். தோளில் பை இருந்தும் அதற்குள் போடவில்லை. எதிர் வீட்டம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பெரிய அண்டாவில் ஐஸ்கட்டியையும் கல்லுப்பையும் மாறிமாறிப் போட்டு, நடுவில் தூக்குச்சட்டியை இறக்கி, அக்காவின் கணக்குப்படி கலந்ததை அதில் ஊற்றினேன். உப்பு விழுந்த ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும். சட்டியின் சுவரில் ஒட்டுகிறதை மரக்கரண்டியால் வழித்து வழித்து நடுவில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடவில்லை. ஆனி மாதத்து வெயில் மொட்டை மாடி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து வேர்வை ஒழுக, விரல் மரத்துப்போக, இரண்டு மணி நேரம் கிளறினேன். இடையில் ஒரு தடவை அழுதேன். கிளறுவதை நிறுத்தினால் கட்டிதட்டிவிடும் என்பதால் கிளறிக்கொண்டேதான் அழுதேன். பிரிட்ஜில் செய்ததைவிட மிருதுவாக வந்தது. அக்கா பார்த்திருந்தால் சுரண்டுகிற முறையை அன்றைக்கே விட்டிருப்பாள். கரண்ட் வரும்வரை அண்டாவிலேயே விட்டு, வந்ததும் பிரீசருக்கு மாற்றினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். தூக்குச்சட்டியை ஐஸும் உப்பும் நிரப்பிய தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, சாக்கு சுற்றி, அதற்கு மேல் போர்வை சுற்றியிருந்தேன். செக்கானூரணி தாண்டும்போது அடியில் தண்ணீர் கசிந்து பக்கத்தில் இருந்தவரின் செருப்பை நனைத்தது. "பெட்டியில மீனாம்மா?" என்றார். "ஐஸ்" என்றேன். உசிலம்பட்டியில் பஸ் மாறும்போது டீக்கடைக்கு எதிரே புது ஐஸ்கட்டி வாங்கித் திணித்துக்கொண்டேன்.

அக்கா வீட்டில் நடுக்கூடத்தைக் கழுவி, படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான், உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு, குழம்பு, வடை, அம்மா கிண்டிய கேசரி. புதுச்சேலை மடித்து வைத்திருந்தது. நான் பெட்டியை இறக்கினேன். என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று சித்தப்பா கேட்டார். வெறும் மாம்பழ ஐஸ் என்று சொல்லியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, அப்படியே வைத்திருப்பார்கள். வழியெல்லாம் அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் பொய் சொல்லி வைத்தால் அது படையல் இல்லை, இன்னொரு பல் டாக்டர் கதை.

"பீர் போட்ட மாம்பழ ஐஸ்" என்றேன். "அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார் சித்தப்பா. "பொம்பளப் பிள்ளைக்கு வைக்கிற படையல்ல இதையா கொண்டாந்து வைக்கிறது?"

"அப்பாவுக்கு வைக்கிறோமே சித்தப்பா."

"அண்ணன் குடிச்சாரு, வச்சோம்."

"அக்கா சாப்பிட்டா, வைக்கிறோம்."

"அவரு ஆம்பள."

"குலசாமிக்குச் சாராயம் வைக்கிறீங்க, சுருட்டு வைக்கிறீங்க. சாமிக்கே ஆகுறது எங்க அக்காவுக்கு ஆகாதா?"

சித்தப்பா மச்சானைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ள, ஒம் பொண்டாட்டியத்தான் சொல்றா. நீ சொல்லு."

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ அதெல்லாம் கையால தொட்டதே இல்ல. நீ எதுக்கு இன்னைக்குன்னு வந்து அவ பேர இழுக்குற?" என்றார். குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல் அதிகம் இருந்தது. எனக்கு அது உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"மாசாமாசம் பல் டாக்டரப் பாக்க வருவாளே மச்சான், ஞாபகம் இருக்கா? அந்த டாக்டர் பிடுங்குனது ஒரே ஒரு பல்லு. அதுக்குப் பெறகு ஆறு வருசமும் எங்க வீட்டுலதான் இருந்தா. இதச் செஞ்சு சாப்பிட்டுட்டு, சிரிச்சுப் பேசிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு வந்துருவா. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. ஆறு வருடம் ஏலக்காய் மென்று அவள் காப்பாற்றியதை நான் நடுக்கூடத்தில் போட்டு உடைத்திருக்கிறேன். அவளுக்காகச் சண்டை போடுகிறேனா, அவளைக் காட்டிக்கொடுக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் படத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

காலேஜ் படிக்கிற அக்கா மகள் கதவோரம் நின்றிருந்தாள். "எனக்குத் தெரியும் சித்தி" என்றாள். "ஒரு தடவ அம்மா பையில தேடுறப்ப அந்த வினாத்தாளப் பாத்தேன். பின்னாடி பழம், பீர், சீனின்னு போட்டு விகிதம் எழுதியிருந்தாங்க. கேட்டேன். எட்டாவதுக்கு மாதிரி வினான்னாங்க."

யாரும் எதிர்பார்க்காமல் மச்சான் சிரித்துவிட்டார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது சித்தப்பாவைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"அன்னைக்கு மட்டுந்தான் வீட்டுக்கு வந்ததும் எங்கிட்ட வம்பு பண்ணுவா. ஹெட்மாஸ்டர் மாதிரி நடந்து காட்டுவா. பல்லு வலி விட்டுப்போச்சு, அதான் சந்தோசமா இருக்கான்னு நெனச்சேன்." பிறகு, "வைய்யி" என்றார்.

"மாப்ள" என்றார் சித்தப்பா.

"வைக்கட்டும் மாமா. அவ எலதான."

முறைப்படி இலைக்கு உரியவர் மச்சான். ஆனாலும் எதிலாவது தன் கை இருக்க வேண்டும் என்று சித்தப்பா, "அப்ப டம்ளர்ல ஊத்து, எலையில ஓடிரும்" என்றார்.

"டம்ளர் ஆகாது சித்தப்பா. அவ கரண்டியிலதான் சாப்பிடுவா."

கிண்ணத்தில் குவித்து, கரண்டியைச் செருகி, கேசரியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணனுக்குத் தண்ணி கம்மி என்று சொல்கிறவருக்கு, அக்காவுக்கு டம்ளர் ஆகாது என்பது புரிந்திருக்க வேண்டும். சூடத்தைக் கொளுத்தினார்.

சூடம் காட்டியபின் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம். இறந்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவது வழக்கம். அப்பாவுக்குக் கால் மணி நேரம் விடுவார்கள். நான் ஐந்து நிமிடம் போதும் என்றேன், உருகிவிடும். எழுமலை வெயிலில் வாசலில் நின்றுகொண்டு, அக்கா உள்ளே காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு நம்பினேன்.

கதவைத் திறந்ததும் சித்தப்பாதான் முதலில் போய்க் குனிந்து பார்த்தார். குவித்து வைத்திருந்தது கிண்ணத்தில் பாதியாக இறங்கியிருந்தது. கேசரி வைத்தபடி அப்படியே இருந்தது.

"கொறைஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "கேசரியத் தொடல."

கிளறும்போது உள்ளே புகுந்த காற்று, உருகியதும் வெளியே போய்விடும், குவியல் அமுங்கும். அது எனக்குத் தெரியும். விளக்கிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

படையலைக் கொட்டக் கூடாது, வீட்டு ஆட்கள்தான் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். ஆண் படையல் ஆண்களுக்கு, பெண் படையலில் முதல் பங்கு பெண்களுக்கு. இவர்கள் வகுத்த முறைதான், நான் வகுத்தது இல்லை. சட்டியில் மிச்சம் இருந்ததையும் எடுத்து எல்லாருக்கும் கிண்ணத்தில் போட்டேன். மோட்டார் ரூமுக்கு எடுத்துப் போகவில்லை. நடுக்கூடத்தில், படத்துக்கு முன்னால், வெளிச்சத்தில் உட்கார்ந்து நானும் அக்கா மகளும் சாப்பிட்டோம். மச்சான் வாங்கிக்கொண்டார். முதல் கரண்டிக்கு முகத்தைச் சுளித்தார். "கசக்குது" என்றார். "அதுக்குத்தான் மச்சான்" என்றேன். கிண்ணத்தை வழித்துத்தான் கீழே வைத்தார். சித்தப்பா கடைசியாகக் கையை நீட்டினார். சாப்பிட்டுவிட்டு, "ம், மாம்பழந்தான்" என்றார்.

அடுத்த வருடத்துக்கு என்ன வைப்பது என்ற பேச்சை நானே எடுத்தேன். விட்டால் நழுவிவிடுவார்கள். அக்கா மகள் நோட்டை எடுத்துவந்து, கேசரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினாள். மூன்று பங்கு, ஒரு பங்கு, அரைப் பங்கு என்று விகிதத்தையும் எழுதச் சொன்னேன். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. என் அக்காவை நான் காப்பாற்றிவிட்டேன் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அந்தக் கர்வத்தோடு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அம்மா குழாயடியில் குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டப்போகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பங்குக் கிண்ணம் பக்கத்திலேயே காலியாக இருந்தது.

"ஏன்டி" என்றாள், சாம்பலைத் தொட்டுக்கொண்டே. "நான் போய்ட்டா எனக்கு என்னடி வைப்ப?"

வாயைத் திறந்தேன். சட்டென்று வந்தது வெற்றிலை.

"அது பல்லு போனதுலருந்து போடுறது இல்லையே."

"கருவாட்டுக் கொழம்பு?"

"அது ஒங்கப்பாவுக்கு."

"பழைய சோறு. ரசிச்சுச் சாப்பிடுவயே."

"மிஞ்சுச்சு, தின்னேன்" என்றாள். கோபமில்லாமல், நேரம் எத்தனை என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. எழுபத்து மூன்று வயது அம்மா. சண்டை போட்டு, வரிசையில் நின்று, மச்சானை அழவைத்து, ஊர் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிற நான், மச்சான் சொன்ன அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைவிட வெட்கக்கேடு எனக்கு வேறு இல்லை.

"சரி, நீயே சொல்லு. ஒனக்கு என்னம்மா பிடிக்கும்?"

தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்தாள் போல. இல்லை என்று தெரிந்ததும் குழாயைப் பார்த்தாள், தென்னையைப் பார்த்தாள்.

"யோசிக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த சட்டியை இழுத்தாள்.

நான் அதைக் கையிலிருந்து பிடுங்கினேன். "நீ எந்திரி. கையக் கழுவிட்டு அந்தக் கல்லுல உக்காரு. யோசி."

"கெடக்கு விடுடி, நாலு பாத்திரந்தான."

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்தாள். நான் சட்டிகளைத் தேய்த்தேன், கிண்ணங்களைக் கழுவினேன், அண்டாவைக் கவிழ்த்தேன். பாத்திரம் அத்தனையும் முடிந்த பிறகும் அம்மா யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.